மச்சானிடம் எப்படிச் சொல்வது? கோல்ஃப் ஆட்டத்தில் நடந்துகொள்ளும் முறை குறித்து ஒரு கடிதமும் பதிலும்

கேள்வி:

கீழக்கரைக்காரன் நான். மலேசியாவில் வேலை பார்த்த காலத்தில் கோல்ஃப் பழகினேன். ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. என் லாத்தாவின் (அக்காவின்) கணவரான மச்சான், இராமநாதபுரத்தில் கடை வைத்திருக்கும் நண்பர், என் தம்பி மகன், நான் என்று நால்வரும் சில மாதங்களுக்கு ஒருமுறை கொடைக்கானல் சென்று இரண்டு நாள் ஆடிவிட்டு வருகிறோம். சமீப காலமாக, திரும்பி வரும்போது சந்தோஷத்தைவிட எரிச்சலே மிஞ்சுகிறது. மச்சான் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் நாலைந்து முறை மட்டையை வீசிப் பார்ப்பார். பந்து காணாமல் போனால் கிடைக்கும்வரை தேடுவார். பின்னால் வரும் குழுவுக்கு வழிவிட மாட்டார். தன் அடி தவறினால், எங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கூட வரும் உதவியாளரான கேடியை ‘டேய்’ என்று திட்டுவார். எங்கள் அடி தவறினால் அங்கேயே பாடம் எடுப்பார். நண்பர் ஆறு அடித்துவிட்டு ஐந்து என்று எழுதுகிறார். தம்பி மகன் பையில் ஸ்பீக்கரை மாட்டிப் பாட்டுப் போடுகிறான். மச்சான் வயதில் மூத்தவர். எங்கள் குடும்பத்துக்கு நிறையச் செய்தவர். அவர் மனம் கோணாமல் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

மற்றபடி, இடைப்பட்ட நாட்களில் ஊருக்கு வெளியே கடற்கரைப் பொட்டலில் அடித்துப் பழகுவோம். போன மாதம் ஒரு பந்து, பாசி காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் விழுந்துவிட்டது என்று மீனவக் குடியிருப்பிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து சத்தம் போட்டார். ‘கடற்கரை எல்லாருக்கும் பொதுதானே’ என்று மச்சான் சொல்லி அனுப்பிவிட்டார்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் இருக்கும் குறைகளில் பெரும்பாலானவை, கோல்ஃப் ஆடப்படும் எந்த ஊரிலும் நான்கு நண்பர்கள் சேர்ந்தால் தலைகாட்டுபவை. அவற்றுக்கும், மச்சானிடம் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கும் வருகிறேன். ஆனால் ‘மற்றபடி’ என்று தொடங்கி கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் கடற்கரைச் சம்பவத்தைத்தான் ஒரு பயிற்சியாளனாக நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மெதுவாக ஆடுவதும் ஸ்கோரைக் குறைத்து எழுதுவதும் உங்கள் நால்வருக்குள் எரிச்சலை வளர்க்கும். கடற்கரையில் நீங்கள் செய்துகொண்டிருப்பது ஒருவருடைய கண்ணைப் பறித்துவிடக் கூடியது.

ஒரு கோல்ஃப் பந்தின் எடை விதிப்படி 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. கையில் வைத்துப் பார்த்தால் எலுமிச்சம்பழம் அளவுக்கு மேல் இராது. ஆனால் ஓரளவு பழகிய ஒருவர் டிரைவர் மட்டையால் அடிக்கும்போது அந்தப் பந்து மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் புறப்படுகிறது. ஏழாம் எண் அயர்ன் என்னும் இரும்பு மட்டையால் அடித்தாலே சாதாரணமாக 120 மீட்டர் பறந்துவிடும். அது நேராகத்தான் போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நானும் மண்டபம் பக்கத்துக்காரன் என்பதால் உங்கள் பொட்டலின் அமைப்பை என்னால் ஊகிக்க முடிகிறது. தெற்கே கடல் பார்த்த கரையில் மேற்கு முகமாக நின்று அடித்தால், வலக்கை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு நேரும் ஸ்லைஸ் என்ற தவறு, பந்தை வலப்பக்கமாக, அதாவது குடியிருப்புப் பக்கமாக வளைத்துக் கொண்டுபோகும். தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்றும் அதே பக்கம் தள்ளும். திரும்பி நின்று கிழக்கு முகமாக அடித்தால் அதே ஸ்லைஸ் கடலுக்குள் போகும். வாடைக் காலத்தில் இன்னும் தொலைவாகப் போகும். ஆக, எந்தப் பக்கம் நின்று அடித்தாலும் உங்கள் தவறின் விளைவு வேறு யார் மேலாவதுதான் விழுகிறது.

மைதானத்தில் பந்து தவறிப் போனால் ‘ஃபோர்’ என்று கத்துகிறோம்; அதைக் கேட்டவுடன் எல்லாரும் தலையைக் கைகளால் மறைத்துக்கொண்டு குனிகிறார்கள். அந்தக் கூச்சலுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் மட்டுமே இருக்கும் இடத்தில்தான் அது பாதுகாப்பு. விடியற்காலையில் கடலில் இறங்கி முழுகிப் பாசி எடுத்து வந்து, ஈரத் துணியோடு முதுகை வளைத்து மணலில் பரப்பிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு, காற்றையும் அலையையும் மீறி உங்கள் குரல் கேட்டாலும், அவர் என்ன செய்ய வேண்டும் என்று எப்படித் தெரியும்? நிமிர்ந்து பார்ப்பார். நிமிர்ந்து பார்ப்பதைவிட ஆபத்தானது அந்த நேரத்தில் வேறொன்றும் இல்லை.

கடற்கரை எல்லாருக்கும் பொது என்று உங்கள் மச்சான் சொன்னது உண்மைதான். பொது என்பதால்தான் அங்கே பந்து அடிக்கக் கூடாது என்கிறேன். கோல்ஃப் பிறந்த மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ஓல்டு கோர்ஸ் என்ற மைதானம் கடலோர மணல்மேட்டில் அமைந்த பொதுநிலம். அந்த நிலத்தில் ஊர்மக்களுக்கு இருந்த உரிமைகளை 1552-ஆம் ஆண்டின் சாசனம் ஒன்று பதிவு செய்திருக்கிறது. கோல்ஃப் ஆடுவதும் அவற்றில் அடங்கும். இன்றும் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் அந்தப் புல்வெளியில் உலாவுகிறார்கள். முதல் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் உரிய ஃபேர்வேயை, அதாவது பந்து போக வேண்டிய புல்தடத்தை, குறுக்கே வெட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகும் பாதை ஒன்று இருக்கிறது. அதில் ஆள் நடந்தால், ஆடுபவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், அவர் கடந்து போகும்வரை மட்டையை ஊன்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பொது இடத்தில் காத்திருக்க வேண்டியவர் விளையாடுபவர்தான். நம் கரையில் பாசி எடுப்பதும் கருவாடு காயப்போடுவதும் வலை இழுப்பதும் பிழைப்பு. உங்களுக்கு அது பொழுதுபோகும் இடம், அவர்களுக்கு வேலைத்தலம்.

கடலுக்குள் போன பந்துகளை நீங்கள் கணக்கில் எடுத்திருக்க மாட்டீர்கள். கீழக்கரைக்கு எதிரே இருக்கும் முள்ளித்தீவு, அப்பாத்தீவு, தலையாரித்தீவு எல்லாம் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் சேர்ந்தவை. பவளப்பாறையும், ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடற்புல்லும் உள்ள கடல் அது. கோல்ஃப் பந்து மிதக்காது. அடியில் போய்ப் படியும். கெட்டியான பிளாஸ்டிக் மேலோடும், துத்தநாகச் சேர்மங்கள் கலந்த செயற்கை ரப்பர் உள்ளீடும் கொண்ட அது, அலையில் உருண்டு உருண்டு தேய்ந்து நுண்ணிய துகள்களாகக் கடலில் கலக்கிறது. கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் பகுதியில், கடலோர மைதானங்களை ஒட்டிய கடலடியிலிருந்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பந்துகள் பொறுக்கி எடுக்கப்பட்டதை 2019-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை விவரிக்கிறது. பள்ளி மாணவி ஒருவர் தொடங்கிவைத்த வேலை அது. நீங்கள் நால்வர் அடித்ததோடு அதை ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் அந்தக் கடலில் ஒரு பந்துகூட விழ வேண்டிய அவசியம் இல்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கடற்கரையில் முழு வீச்சில் பந்து அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் பெரியவரைத் தேடிப் போய், ‘எங்கள் மேல்தான் தப்பு, இனி இங்கே அடிக்க மாட்டோம்’ என்று நேரில் சொல்லுங்கள். அந்தப் பெண்கள் அங்கே இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். மச்சான் வந்தால் நல்லது. வராவிட்டால் அவருக்காகக் காத்திருக்காமல் நீங்கள் போய்விடுங்கள். பயிற்சிக்கு, உங்களுக்கோ உறவினருக்கோ தோப்பு ஏதாவது இருக்குமானால் அங்கே வலை கட்டிக்கொள்ளலாம். பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர்; ஆகவே கண் 25 மில்லிமீட்டருக்கு மேற்படாத, நைந்துபோகாத மீன்வலையே போதும். அதை இறுக்கிக் கட்டாமல், ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு அடுக்கு, நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டுத் தொய்வாகத் தொங்கவிடுங்கள். இறுகக் கட்டிய வலை பந்தை உங்கள் மேலேயே திருப்பி எறியும். தொய்வான வலை அதை வாங்கிக் கீழே போடும். மூன்று மீட்டர் தள்ளி நின்று அடித்தால் வீச்சைச் சரிசெய்ய அது தாராளம். பந்து எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கும் ஆசையைக் கொடைக்கானல் போகும்வரை ஒத்திவைக்க வேண்டியதுதான். எப்படியும் பார் 72 உள்ள, அதாவது நன்றாக ஆடுபவர் 72 அடியில் முடிக்க வேண்டிய மைதானத்தில், அதில் பாதியான 36 அடிகள் கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில், பந்தை உருட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. அதற்கான பழக்கத்தை வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளத்தின் மேலேயே செய்யலாம்.

இனி மைதானத்துக்கு வருவோம். கோல்ஃபில் பெரும்பாலும் நடுவர் கூடவே நடந்து வருவதில்லை. பெரிய போட்டிகளில்கூட ஆட்டக்காரர்தான் தன் அடியைத் தானே எண்ணி, தன் தவறைத் தானே சொல்லி, தன் தண்டனையைத் தானே ஏற்றுக்கொள்கிறார். இந்த ஆட்டத்துக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய விதித்தொகுப்பு, 1744-இல் எடின்பரோவை அடுத்த லீத்தில் எழுதப்பட்டது. அதில் இருந்தவை பதின்மூன்றே விதிகள். இன்றைய விதிநூல் அதைப் போலப் பல மடங்கு பெருத்துவிட்டாலும், நேர்மையாக ஆடுவது, மற்றவர்களைப் பொருட்படுத்துவது, மைதானத்தைப் பேணுவது ஆகிய மூன்றையும் முதல் விதிக்குள்ளேயே வைத்திருக்கிறது. மோசமாக நடந்துகொள்பவரைப் போட்டியிலிருந்து நீக்கவும் அந்த விதி இடம் கொடுக்கிறது. ஆகவே மைதானத்தில் பண்பாக நடந்துகொள்வதை இஷ்டமிருந்தால் கடைப்பிடிக்கும் அலங்காரமாக நினைக்க வேண்டாம். நடுவர் இல்லாத இந்த ஆட்டத்தை ஆட்டமாக நிறுத்தி வைத்திருப்பதே அதுதான்.

மெதுவாக ஆடுவது பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் நால்வரும் ஆளுக்கு 95 அடி அடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 380 அடிகள். ஒவ்வோர் அடிக்கும் 20 நொடி வீணானால் 7,600 நொடிகள், அதாவது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் போய்விடுகிறது. நாலு மணி நேரத்தில் முடிய வேண்டிய ஆட்டம் ஆறு மணி நேரமாக இழுப்பதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை. உங்கள் பின்னால் வருபவர்களுக்கும், அவர்கள் பின்னால் வருபவர்களுக்கும் சேர்த்து அந்த நேரம் போகிறது. மலையில் பிற்பகலில் பனிமூட்டமோ மழையோ இறங்கிவிட்டால் அவர்கள் ஆட்டம் பாதியில் நின்றும் போகும்.

2019-இல் விதிகள் பெரிய அளவில் திருத்தப்பட்டபோது இந்தத் தொல்லையை மனத்தில் வைத்தே சில மாற்றங்கள் செய்யப்பட்டன. பந்தைத் தேட அதற்கு முன் ஐந்து நிமிடம் இருந்தது. இப்போது மூன்று நிமிடம்தான். மூன்று நிமிடம் ஆனதும் பந்து தொலைந்துபோனதாகவே கணக்கு. நான்காவது நிமிடத்தில் அது காலடியில் கிடைத்தாலும் அதை ஆடக் கூடாது. தொலைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தவுடனே, ‘இது புரொவிஷனல்’ (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அதே இடத்திலிருந்து இன்னொரு பந்தை அடித்துவிட்டுப் போனால், திரும்பி நடந்து வரும் வேலை மிச்சமாகும். தன் முறை வந்து, தடையில்லாமல் அடிக்கக் கூடிய நிலை ஏற்பட்டதிலிருந்து 40 நொடிக்குள் அடித்துவிட வேண்டும் என்று விதிநூல் பரிந்துரைக்கிறது. குழியிலிருந்து தொலைவில் இருப்பவர்தான் முதலில் அடிக்க வேண்டும் என்ற பழைய வழக்கத்தையும், அடிகளை எண்ணி ஆடும் ஆட்டத்தில், ஆபத்தில்லாத இடத்தில் தளர்த்தி, யார் தயாராக இருக்கிறாரோ அவர் அடிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். கொடிக்கம்பைக் குழியிலிருந்து பிடுங்காமலே பந்தை உருட்டலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, நண்பர்களுக்குள் ஆடும் உங்களைப் போன்றவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஸ்டேபிள்ஃபோர்டு முறையை. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற மருத்துவர் உருவாக்கி, 1932-இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் போட்டியாக நடத்தப்பட்ட முறை இது. ஒவ்வொரு குழிக்கும் புள்ளி உண்டு. புள்ளி கிடைக்க வழியில்லாத அளவுக்கு அடிகள் கூடிவிட்டால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடந்துவிடலாம். பதினோராவது அடியை அடிக்கும் சங்கடம் அடிப்பவருக்கும் இல்லை; பார்த்துக்கொண்டு நிற்கும் வேதனை மற்றவர்களுக்கும் இல்லை.

பின்னால் வரும் குழு காத்து நிற்க, உங்களுக்கு முன்னால் ஒரு குழி முழுவதும் காலியாக இருந்தால், ஓரமாக ஒதுங்கிக் கையைக் காட்டி அவர்களை முன்னே போகவிடுங்கள். இதில் மானப் பிரச்சினை ஒன்றும் இல்லை. நம் ஆட்களில் பலர் வழிவிடுவதைத் தோல்வியாக நினைக்கிறார்கள் என்பதைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். வழிவிட்ட பிறகு முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லாமல் நிம்மதியாக ஆடலாம் என்பதை ஒருமுறை அனுபவித்தால் அந்த எண்ணம் போய்விடும்.

கேட்காமல் பாடம் எடுக்கும் பழக்கம் பற்றி எனக்குத் திடமான கருத்து உண்டு. போட்டியில் சக ஆட்டக்காரருக்கு ஆலோசனை சொன்னால் விதி 10.2-இன்படி இரண்டு அடி தண்டனை. நட்பு ஆட்டத்தில் தண்டனை இல்லை என்பதால் கெடுதலும் இல்லை என்று ஆகிவிடாது. மட்டை பின்னால் போகத் தொடங்கி வந்து பந்தைத் தொடும்வரை ஆகும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடி. அந்த ஒரு நொடிக்குள் ‘தலையைத் தூக்காதே, இடுப்பைத் திருப்பு, கையை மடக்காதே’ என்று மூன்று கட்டளைகளை எந்த உடம்பாலும் நிறைவேற்ற முடியாது. பிழைப்பே பயிற்சி கொடுப்பதாக இருக்கும் நானும் நண்பர்களோடு ஆடும்போது, கேட்டாலொழிய வாய் திறப்பதில்லை. கேட்டாலும் ஆட்டம் முடியட்டும் என்றுதான் சொல்வேன். மச்சான் பாடம் எடுக்கத் தொடங்கும்போது நீங்கள் சொல்லக்கூடியது: ‘மச்சான், இன்றைக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்து ஆடுகிறேன். நீங்கள் பார்த்ததையெல்லாம் சாயங்காலம் டீ குடிக்கும்போது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.’ சொன்னபடி சாயங்காலம் நீங்களே கேட்கவும் வேண்டும். கேட்காவிட்டால் மறுநாள் அவர் மறுபடியும் தொடங்கிவிடுவார், அதில் நியாயமும் இருக்கும்.

நண்பரின் ஸ்கோர் விஷயத்தில் அவசரப்பட்டு அவரைக் கள்ளன் என்று முடிவுகட்ட வேண்டாம். மரத்துக்குள் ஒரு அடி, மணல்குழியான பங்கரில் இரண்டு அடி என்று அலைக்கழிந்து வந்தவர் ஒன்றை மறப்பது உண்டு. ஒருவர் தன் கார்டைத் தானே எழுதுவதை நிறுத்திவிட்டு, போட்டிகளில் செய்வதுபோல ஒருவர் கார்டை இன்னொருவர் எழுதுங்கள். அடுத்த குழிக்கு முதல் அடி அடிக்கும் இடமான டீயில் நின்றுகொண்டு, ஒவ்வொருவரும் தன் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல, எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். கணக்குப் பிசகினால் ‘முதல் அடி ஃபேர்வே, இரண்டாவது மரத்துப் பக்கம்’ என்று இருவரும் சேர்ந்தே எண்ணிப் பார்க்கலாம். பணம் வைத்து ஆடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்து ஆடினால் அதை விட்டுவிடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

நண்பருக்கு ஒரு வரலாறும் சொல்லலாம். 1925-இல் வூஸ்டரில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ், அடிக்கத் தயாரானபோது புல்லில் கிடந்த தன் பந்து லேசாக நகர்ந்துவிட்டது என்று தானே சொல்லித் தன்மேல் ஓர் அடி தண்டனையைப் போட்டுக்கொண்டார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. கடைசியில் அவரும் வில்லி மக்ஃபார்லனும் சமநிலையில் முடித்தார்கள். அதன்பின் நடந்த முடிவாட்டத்தில் ஜோன்ஸ் ஒரே அடியில் தோற்றார். அந்த ஓர் அடியைச் சொல்லாமல் விட்டிருந்தால் முடிவாட்டமே இல்லாமல் பட்டம் அவருக்குக் கிடைத்திருக்கும்.

தம்பி மகனின் ஸ்பீக்கர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அவருக்குப் பெரியப்பா, ‘மைதானத்தில் வேண்டாம்ப்பா, ரூமில் போட்டுக்கொள்’ என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. சொல்லிவிடுங்கள். இளைஞருக்கு நான் தர விரும்பும் வேலை வேறு: உங்கள் குழு போன வழியைச் சரிசெய்யும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். உயரத்திலிருந்து வந்து கிரீனில் விழும் பந்து புல்லில் ஒரு சின்னக் குழியை உண்டாக்கும். அதைச் சரிசெய்ய வைத்திருக்கும் முள் போன்ற கருவியைப் பலர் குழிக்கு நடுவில் குத்தி மண்ணை மேலே நெம்புகிறார்கள். அப்படிச் செய்தால் வேர் அறுந்து அந்த இடம் பழுத்துப்போகும். குழியின் விளிம்புக்கு வெளியே குத்தி, சுற்றியுள்ள புல்லை நாலு பக்கமிருந்தும் நடுவை நோக்கித் தள்ளி மூட வேண்டும். பிறகு பந்தை உருட்டும் பட்டர் மட்டையின் அடிப்பாகத்தால் இரண்டு தட்டு. கால் நிமிட வேலை. 2019-க்குப் பிறகு கிரீனில் காலணி கிழித்த தடங்களைக்கூட ஆடும் முன்பே சரிசெய்ய விதி அனுமதிக்கிறது. பங்கரில் தாழ்ந்த பக்கமாக இறங்கி, அடித்த பின் அதே வழியில் ஏறி, கால் தடத்தை வாரியால் சமன் செய்துவிட வேண்டும். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கப்பட்டது. நூற்றாண்டு கடந்த அந்தப் புல்வெளியில் காட்டெருமைகள் இறங்கி மேய்ந்துவிட்டுப் போகும் குளம்புத் தடங்களே பராமரிப்பவர்களுக்குப் போதுமான வேலை. அதன்மேல் நம் பங்கையும் விட்டுவிட்டு வரக் கூடாது.

கேடி விஷயத்தை நீங்கள் மற்றக் குறைகளோடு ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது கடற்கரைச் சம்பவத்துக்கு அடுத்தபடியாகப் பெரியது. எந்த கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது, காலையில் எவ்வளவு ஓடும், வெயில் ஏறினால் எவ்வளவு ஓடும் என்பதையெல்லாம் தினமும் நடந்து கற்றவர் அவர். தூரத்தை அவர் சரியாகச் சொல்லி, மட்டையை மச்சான் தவறாக வீசியிருந்தால், அந்தத் தவறுக்கு அவர் எந்த வகையிலும் பொறுப்பல்ல. அவர் தவறாகவே சொல்லியிருந்தாலும், எந்த மட்டையை எடுப்பது என்று முடிவு செய்தவர் ஆட்டக்காரர்தான். ‘டேய்’ என்பதற்கு அவர் பதில் சொல்லாமல் நிற்கிறார் என்றால், அன்றைய கூலி உங்கள் கையில் இருக்கிறது என்பதுதான் காரணம். தொடங்கும் முன் பெயரைக் கேளுங்கள். வயதுக்குத் தக்கபடி அண்ணன் என்றோ தம்பி என்றோ கூப்பிடுங்கள். நீங்கள் சாப்பிடும்போது அவரும் சாப்பிட்டாரா என்று பாருங்கள். பேசிய தொகையைக் குறைக்காமல் கொடுங்கள். நீங்களும் உங்கள் நண்பரும் இதைச் செய்யத் தொடங்கினாலே மச்சானின் குரல் கொஞ்சம் இறங்கும் என்று நான் நம்புகிறேன். இறங்காவிட்டால் இந்த ஒன்றில் மட்டும் அந்த இடத்திலேயே, தாழ்ந்த குரலில், ‘மச்சான், அவரை அப்படிச் சொல்ல வேண்டாம்’ என்று நீங்கள் சொல்ல வேண்டும். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், திட்டு வாங்கிய மனிதர் அதைக் கேட்க அங்கே இருக்க மாட்டார்.

மற்றவற்றை எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் கேள்வி. மைதானத்தில் சொல்லாதீர்கள், தவறிய அடியின் எரிச்சலில் இருப்பவருக்கு எந்த நல்ல வார்த்தையும் குத்தலாகத்தான் கேட்கும். இளையவர்கள் முன்னால் சொல்லாதீர்கள். உங்கள் லாத்தா வழியாகவும் சொல்லி அனுப்பாதீர்கள். மைதானத்து விவகாரம் வீட்டுக்குள் போய்விட்டால், நீங்கள் சொன்ன அளவைவிடப் பெரிதாகி அவரிடம் போய்ச் சேரும், லாத்தாவும் நடுவில் மாட்டிக்கொள்வார். அடுத்த பயணத்துக்குச் சில நாட்கள் முன்னால் நீங்கள் மட்டும் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். கடற்கரை விஷயத்தை முதலில், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அதில் கலந்து பேச ஒன்றுமில்லை; நாம் அங்கே அடிப்பதை நிறுத்திவிட்டோம் என்று தகவலாகவே சொல்லிவிடுங்கள்.

அதன் பிறகு, ‘மச்சான், போன தடவை நாம் ஆடி முடிக்க ஆறு மணி நேரம் ஆகிவிட்டது, இந்தத் தடவை நம் நாலு பேருக்கும் ஒரு முறை வைத்துக்கொள்ளலாமா’ என்று தொடங்குங்கள். தயாராக இருப்பவர் அடிப்பது, ஒரே ஒரு வீச்சுப் பார்த்துக்கொள்வது, மூன்று நிமிடத்துக்கு மேல் பந்தைத் தேடாமல் இருப்பது, ஒருவர் கார்டை இன்னொருவர் எழுதுவது, பாடத்தைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்வது ஆகியவற்றை நால்வருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். எல்லாருக்கும் உள்ள விதிக்கு அவர் கட்டுப்படுவதில் அவருக்குக் குறைவு இல்லை. மற்ற இருவரிடமும் இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பை அவரிடமே விடுங்கள். குடும்பத்துக்கு நிறையச் செய்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர்கள் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதில்லை, தாமே சொன்னதைத் தாமே மீறுவதும் அரிது.

ஒரே பயணத்தில் எல்லாம் மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நாலு வீச்சு இரண்டாகக் குறைந்தாலே பெரிது. அவர் ஒப்புக்கொள்ளாமல் போனால், முதல் நாள் நால்வரும் சேர்ந்து ஒன்பது குழிகள் மட்டும் ஆடுங்கள். இரண்டாம் நாள் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, மச்சானையும் தம்பி மகனையும் பின்னால் வரும் ஜோடியாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் நீங்களும் நண்பரும் உங்கள் வேகத்தில் முடித்துவிட்டு, அவர்கள் வந்து சேரும்வரை பட்டிங் கிரீனில் பழகிக்கொண்டிருக்கலாம்.